அட்டை செருகியாயிற்று, எடை வரவில்லை: பழைய லினக்ஸ் கணினியில் சீரியல் போர்ட் கோளாறுகள்

ஒரு பிட்டின் பின் ஒரு பிட்டாகத் தகவலைக் கடத்தும் பழைய இணைப்புதான் சீரியல் போர்ட். சேலம் வட்டாரத்தில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் குச்சிக்கிழங்கு லாரி ஏறி இறங்கும் எடை மேடை, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையின் மின்னணுத் தராசு, ஏற்காட்டு எஸ்டேட்டில் மழையளவைப் பதியும் கருவி ஆகியவற்றில் பல இன்னும் ஒன்பது ஊசி இணைப்பில்தான் பேசுகின்றன. கணினியோ பழையது. அதில் டெபியனோ வேறொரு லினக்ஸோ வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். பின்புறம் ஒரே ஒரு போர்ட். அது தராசுக்குப் போய்விட்டால் வெளியே தொங்கும் காட்சிப் பலகைக்கு ஒன்று, ரசீது அச்சுப்பொறிக்கு ஒன்று என்று மேலும் இரண்டு தேவைப்படுகின்றன. கூடுதல் போர்ட்கள் தரும் பிசிஐ அட்டை ஒன்றை வாங்கி மதர்போர்டில் செருகுகிறார்கள். எடை வருவதில்லை. உடனே, "அட்டை கெட்டது, வேறு வாங்கலாமா?" என்கிறார்கள்.

பெரும்பாலும் வாங்க வேண்டியதில்லை. தொடர்பு எங்கே அறுந்திருக்கிறது என்பதற்கு லினக்ஸின் மையமான கர்னலே கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்காமல் அட்டையை மாற்றுவது வீண் செலவு.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் திறக்க வேண்டிய கோப்பு

ரூட் (நிர்வாகி) பயனராக நுழைந்து /ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் என்ற கோப்பைக் கேட் கட்டளையால் பாருங்கள். போர்ட்டுக்கு ஒரு வரி இருக்கும். சில்லின் வகை (16550ஏ அல்லது அன்னோன்), முகவரி, ஐஆர்க்யூ எண் (கருவி கர்னலைக் கூப்பிடும் குறுக்கீட்டுக் கம்பியின் எண்) ஆகியவற்றை அடுத்து டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று இரண்டு எண்கள் வரும். அனுப்பிய எழுத்துகள் எத்தனை, வந்தவை எத்தனை என்பதே அவை. பிழை இருந்தால் மட்டும் எஃப்இ, பிஇ, ஓஇ என்ற எண்களும் சேர்ந்துகொள்ளும். எஃப்இ சட்டகப் பிழை (எழுத்தின் முடிவு எதிர்பார்த்த இடத்தில் இல்லை), பிஇ பேரிட்டிப் பிழை (சரிபார்ப்பு பிட் பொருந்தவில்லை), ஓஇ வாங்கிக்கொள்ள இடமில்லாமல் வழிந்துபோன எழுத்துகள். வரியின் கடைசியில் சிடிஎஸ், டிஎஸ்ஆர் போன்ற பெயர்கள் தெரிந்தால், மறுமுனையிலிருந்து அந்தக் கம்பிகளில் மின்னழுத்தம் வருகிறது என்று பொருள்.

எடை மேடையில் ஓர் ஆள் ஏறி நிற்கட்டும். ஆர்எக்ஸ் எண் ஏறுகிறதா, ஏறும்போது எஃப்இயும் கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். கீழே சொல்லப்போவதில் பாதி இந்த இரண்டு கேள்விக்கான விடையிலிருந்தே பிரிகிறது. போர்ட்டை ஏதாவது ஒரு நிரல் திறந்து வைத்திருந்தால்தான் இந்த எண்கள் நகரும். சீரியல் போர்ட்டோடு பேசும் மினிகாம் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

எல்எஸ்பிசிஐ பட்டியலில் அட்டையே இல்லை

செருகிய பிசிஐ அட்டைகளைப் பட்டியலிடும் கட்டளை எல்எஸ்பிசிஐ. அதிலேயே இல்லையென்றால் மென்பொருளுக்கு வேலையில்லை. அட்டையைக் கழற்றி, பொன்முலாம் விளிம்பை அழிப்பானால் தேய்த்து, வேறு துளையில் செருகுங்கள். ஜவ்வரிசி ஆலைக் கணினி என்றால் துளைக்குள் மாவு படிந்திருக்கும். ஊதி எடுத்த பிறகே செருக வேண்டும். மிகப் பழைய போர்டுகளில் 5 வோல்ட் பிசிஐ துளை இருக்கும். அட்டையின் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டிலும் உட்காரும். ஒரே வெட்டு என்றால் பொருந்தும் பக்கத்தைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

அட்டை பட்டியலில் இருக்கிறது, போர்ட் தோன்றவில்லை

கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில், சீரியல் டிரைவரின் பெயரான 8250 என்று தேடுங்கள். கணினி எழும்போது கர்னல் தனக்கு எத்தனை சீரியல் இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு வரி எழுதும். பல கர்னல்களில் அது 4. இரண்டு போர்ட் அட்டை செருகினால் போதுமானதுபோல் தோன்றும். நான்கு போர்ட் அட்டை செருகினால் இடிக்கும். அப்போது போர்ட்டைப் பதிய முடியவில்லை என்ற செய்தியும் அதன் வாலில் -28 என்ற எண்ணும் இருக்கும். இடம் இல்லை என்பதற்கான பிழை எண் அது. கணினியை எழுப்பும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பில் கர்னல் வரியோடு 8250.என்ஆர்_யூஏஆர்டிஎஸ்=8 என்று சேர்த்து, அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுத்து, கணினியை மறுபடி எழுப்புங்கள்.

இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. லினக்ஸில் போர்ட்களின் பெயர்கள் டிடிஒய்எஸ்0, டிடிஒய்எஸ்1 என்று வரிசையாகப் போகும். இடம் நான்கே இருந்தவரை, மதர்போர்டில் இல்லாத பழைய போர்ட்களின் பெயர்களில் அட்டையின் போர்ட்கள் உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கையைக் கூட்டியதும் அவை பெரும்பாலும் டிடிஒய்எஸ்4-க்குத் தாவிவிடும். நேற்று வரை டிடிஒய்எஸ்1-இல் எடை படித்த நிரல் இன்று வெறுமையைப் படிக்கும். எண்ணிக்கையை மாற்றிய கையோடு நிரலின் அமைப்பையும் மாற்றுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் ஒன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு சீரியல், ஒரு பேரலல் சேர்ந்த அட்டைகளில் நெட்மாஸ் 9835 சில்லு அதிகம் காணப்படும். வழக்கமான சீரியல் டிரைவர் இதைத் தொடாது. பேரலல் போர்ட்டும் சேர்ந்திருப்பதால் பார்போர்ட்_சீரியல் என்ற தனி மாட்யூலுக்கு (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றும் துண்டு) அது ஒதுக்கப்பட்டிருக்கிறது. பேரலல் போர்ட் தேவையில்லை என்று யாரோ அந்த மாட்யூல்களைத் தடைப் பட்டியலில் போட்டு வைத்திருப்பார்கள். அதோடு இரண்டு சீரியல் போர்ட்களும் காணாமல் போகும். மோட்ப்ரோப் பார்போர்ட்_சீரியல் என்று கொடுத்துப் பாருங்கள். போர்ட்கள் உடனே முளைத்தால், தடைப் பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டு /ஈடிசி/மாட்யூல்ஸ் கோப்பிலும் பெயரை எழுதி வையுங்கள்.

கோப்பு இருக்கிறது, திறந்தால் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை

/டெவ் அடைவில் டிடிஒய்எஸ்0 முதல் டிடிஒய்எஸ்3 வரை நான்கு கோப்புகளும் எப்போதும் இருக்கும், பின்னால் வன்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கோப்பைக் கண்டதும் போர்ட் இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். போர்ட்டின் விவரத்தைச் சொல்லும் செட்சீரியல் -ஜி கட்டளையால் கேளுங்கள். அன்னோன் என்று வந்தால் அங்கே ஒன்றுமில்லை. அடுத்த எண்ணைப் பாருங்கள். மதர்போர்டின் சொந்தப் போர்ட்டே இப்படிக் காட்டினால் பயோஸில் அது அணைக்கப்பட்டிருக்கிறது.

அனுமதி மறுப்பு, அல்லது போர்ட் வேறு வேலையில் இருக்கிறது

அனுமதி மறுக்கப்பட்டால் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். மீண்டும் நுழையாமல் "சேர்த்தேனே, வரவில்லையே" என்பவர்கள் நிறைய. போர்ட் வேறு வேலையில் இருக்கிறது என்று வந்தால் எஃப்யூசர் கட்டளை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். வழக்கமான குற்றவாளி கெட்டி, அதாவது போர்ட்டில் பயனர் நுழைவு கேட்டு நிற்கும் நிரல். கர்னல் வரியில் கன்சோல்=டிடிஒய்எஸ்0 என்று யாராவது எழுதி வைத்திருந்தால், கணினி எழும்போதெல்லாம் கர்னலின் செய்திகள் முழுவதும் ரசீது அச்சுப்பொறியில் அச்சாகிக்கொண்டிருக்கும். காகிதம் தீருவதற்குள் அந்தச் சொல்லை நீக்குங்கள்.

ஆர்எக்ஸ் ஏறுகிறது, ஆனால் வருவது குப்பை

இது ஓரளவு நல்ல செய்தி. கம்பி சரி, மின்னழுத்தம் சரி, ஐஆர்க்யூ சரி. பேச்சின் வேகமும் வடிவமும்தான் பொருந்தவில்லை.

எஃப்இ எண்ணும் சேர்ந்து ஏறினால் பாட் வேகம் (நொடிக்கு எத்தனை பிட்) தவறு. தராசின் அமைப்புப் பட்டியலில் 2400, 4800, 9600 என்று எது இருக்கிறதோ அதையே போர்ட்டை அமைக்கும் எஸ்டிடிஒய் கட்டளையில் கொடுங்கள். இரண்டு பக்கமும் 9600 என்றே இருந்தும் எஃப்இ ஏறினால் சந்தேகிக்க வேண்டியது அட்டையின் கடிகாரத்தை. வழக்கமான சீரியல் சில்லு 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஓடும். அதை 16-ஆல் வகுத்தால் 115200. வேகமான அட்டைகளில் 14.7456 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருக்கும். அதற்கு அடிப்படை வேகம் 921600. டிரைவர் அட்டையைச் சரியாக அடையாளம் காணாமல் 115200 என்று நினைத்துக்கொண்டால், நீங்கள் 9600 கேட்க, கம்பியில் 76800 போகும். எட்டு மடங்கு. அட்டையில் உலோகக் கூடுள்ள படிகத்தின் மேல் 14.7456 என்று பொறித்திருப்பதைக் கண்ணாலேயே படிக்கலாம். செட்சீரியல் கட்டளையில் பாட்_பேஸ் 921600 என்று கொடுத்தால் தீர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்ட்டின் 2, 3 ஊசிகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்து, மினிகாமில் தட்டியது திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் "போர்ட் நன்றாக இருக்கிறது, தராசுதான் கோளாறு" என்று தராசுக்காரருக்குப் போன் போகும். மேலே சொன்ன கடிகாரக் கோளாறில் இந்தச் சோதனை எப்போதும் தேறும். அனுப்புவதும் வாங்குவதும் அதே தவறான வேகத்தில் நடப்பதால் இரண்டும் ஒத்துப்போகும். அந்தக் கம்பித் துண்டு சில்லையும் ஊசியையும்தான் சோதிக்கிறது, வேகத்தைச் சோதிப்பதில்லை. தராசுக்காரரை வெயிலில் வரவழைக்கும் முன் படிகத்தைப் படியுங்கள்.

எஃப்இ ஏறவே இல்லை, ஆனால் சில இலக்கங்கள் சரியாகவும் சில கோணலாகவும் வருகின்றனவா? எந்த இலக்கங்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 0, 3, 5, 6, 9 சரியாக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் விநோத எழுத்தாக வந்தால் விடை கையில் இருக்கிறது. தராசு ஏழு பிட், இரட்டைப் பேரிட்டியில் (1 என்ற பிட்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி ஒரு பிட் சேர்த்து) அனுப்புகிறது. கணினி எட்டு பிட், பேரிட்டி இல்லாமல் படிக்கிறது. முதல் ஐந்து இலக்கங்களின் குறியீட்டில் 1 என்ற பிட்கள் ஏற்கெனவே இரட்டைப்படை. எனவே பேரிட்டி பிட் 0 ஆக இருந்து தொல்லை கொடுக்காது. மற்ற ஐந்தில் அது 1 ஆகி, எட்டாவது பிட்டாகப் படிக்கப்பட்டு எழுத்தைக் கெடுக்கிறது. எஸ்டிடிஒய் கட்டளையில் சிஎஸ்7, பேர்என்பி இரண்டையும் கொடுத்து, பேர்ஆட் என்பதன் முன் கழித்தல் குறி போடுங்கள். கோணலாவது இதற்கு நேர்மாறான ஐந்து இலக்கங்கள் என்றால் தராசு ஒற்றைப் பேரிட்டியில் இருக்கிறது. கழித்தல் குறியை எடுத்துவிடுங்கள். வெள்ளிப் பட்டறையில் 305.60 என்ற எடை ஒழுங்காகவும் 127.48 என்ற எடை அலங்கோலமாகவும் வந்தால் கள்ளத் தராசு என்று யாரும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

ஆர்எக்ஸ் பூச்சியத்திலேயே நிற்கிறது

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கணினியின் போர்ட்டில் கேபிளைக் கழற்றிவிட்டு 5-ஆம் ஊசிக்கும் 3-ஆம் ஊசிக்கும் இடையே அளந்தால் மைனஸ் 5-க்கும் மைனஸ் 12-க்கும் இடையில் காட்ட வேண்டும். சும்மா இருக்கும் அனுப்பும் கம்பி எப்போதும் எதிர் மின்னழுத்தத்தில் நிற்கும். அதேபோல் தராசிலிருந்து வரும் கேபிள் முனையிலும் அளந்து பாருங்கள். 2-இல் மைனஸ் கண்டால் அதை நேராகச் செருகலாம். 3-இல் கண்டால் இரு பக்கமும் ஒரே கம்பியில் கத்திக்கொண்டிருக்கின்றன. 2, 3 மாற்றிக் கட்டிய நல்-மோடம் கேபிள் வேண்டும். மைனஸ் இருந்தும் எடை வரவில்லையென்றால் தராசில் தொடர் அனுப்புதல் அணைந்திருக்கலாம். பல தராசுகள் அச்சு விசையை அழுத்தினால் மட்டுமே எடையை அனுப்பும். அப்போதும் சும்மா இருக்கும் கம்பியில் மைனஸ் இருக்க வேண்டும். எந்த ஊசியிலும் மைனஸ் இல்லையென்றால் கேபிள் அறுந்திருக்கிறது.

கணினியின் 3-ஆம் ஊசியிலேயே பூச்சியம் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். மதர்போர்டின் போர்ட்டும் அட்டையின் போர்ட்டும் ஒரே நேரத்தில் செத்துவிட்டனவா? அப்படியானால் கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பக்கம் பாருங்கள். பல மதர்போர்டுகளிலும் சில பழைய பிசிஐ அட்டைகளிலும் சீரியலின் எதிர் மின்னழுத்தம் எஸ்எம்பிஎஸ் தரும் மைனஸ் 12 வோல்ட்டிலிருந்து நேராக வருகிறது. இன்றைய கணினியில் வேறு எதுவும் அதை அநேகமாகப் பயன்படுத்துவதில்லை. அதனால் அது போய்விட்டாலும் கணினி ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். ஏடிஎக்ஸ் இணைப்பியில் நீல நிறக் கம்பி அது. மைனஸ் 10.8-க்கும் மைனஸ் 13.2-க்கும் இடையில் இல்லையென்றால் மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ்.

அட்டையே வாங்காமல் மதர்போர்டிலுள்ள 10 ஊசித் தலைப்பில் பழைய பட்டைக் கம்பியைச் செருகி இரண்டாவது போர்ட் எடுப்பவர்களும் உண்டு. மிகவும் மலிவான வழி, நான் முதலில் பரிந்துரைப்பதும் அதுதான். ஆனால் பட்டைக் கம்பிகள் இரண்டு வகை. வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஒன்றில் தலைப்பின் 5-ஆம் ஊசி போர்ட்டின் 5-க்குப் போகும். மற்றதில் தலைப்பின் 9-ஆம் ஊசி போர்ட்டின் 5-க்குப் போகும். கணினியை அணைத்துவிட்டு, தலைப்பில் 5, 9 இரண்டில் எது கேபினெட் உலோகத்தோடு தொடர்பில் இருக்கிறது என்று மீட்டரின் ஒலி வைத்துப் பாருங்கள். அதுவே தரை ஊசி. அதற்கேற்ற பட்டையைத் தேர்ந்தெடுங்கள்.

எடை வருகிறது, காட்சிப் பலகைக்கு ஒன்றும் போகவில்லை

அனுப்ப, வாங்க, தரை என மூன்றே கம்பியுள்ள கேபிளில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை (மறுமுனை சிடிஎஸ் கம்பியில் அனுமதி தந்தால்தான் அனுப்பும் முறை) வைத்திருக்கிறீர்கள். மினிகாமில் அது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். சிடிஎஸ் கம்பி இல்லாததால் அனுப்ப அனுமதி கிடைக்காமல் காத்துக்கொண்டே இருக்கும். அதை அணையுங்கள்.

மெதுவாக, விட்டு விட்டு வருகிறது

எடை ஏறிப் பல வினாடிகள் கழித்து மொத்தமாக வந்து விழுந்தால் ஐஆர்க்யூ தவறு. பிசிஐ அட்டைகள் ஐஆர்க்யூவைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே இது அபூர்வம். ஐஎஸ்ஏ துளையுள்ள மிகப் பழைய கணினியில்தான் தொல்லை. அங்கே முதல், மூன்றாம் போர்ட்கள் ஐஆர்க்யூ 4-ஐயும், இரண்டாம், நான்காம் போர்ட்கள் 3-ஐயும் கேட்கும். ஒரே எண்ணைக் கேட்கும் இரண்டு போர்ட்கள் ஒரே நேரத்தில் ஓடாது. அட்டையின் ஜம்பரால் மூன்றாவதை 5-க்கு நகர்த்தி, செட்சீரியலிலும் ஐஆர்க்யூ 5 என்று சொல்லுங்கள். ஜம்பரை மட்டும் மாற்றினால் கர்னலுக்குத் தெரியாது. ஒலி அட்டை இருந்தால் 5-ஐ அதுவே பிடித்திருக்கக்கூடும். நான்காம் போர்ட்டின் 2இ8 முகவரி சில பழைய எஸ்3 வரைகலை அட்டைகளோடு மோதும்.

ஓஇ ஏறினால் சில்லில் இடமில்லை. 16450 சில்லில் சேமிப்பு வரிசையே கிடையாது. 16550ஏ-யில் 16 எழுத்து. ஆக்ஸ்ஃபோர்டு 16950-இல் 128. புதிதாக வாங்குவதானால் கடைசியாகச் சொன்னது நெடுநாள் உழைக்கும்.

எண்களெல்லாம் சரி, கேபிளை அசைத்தால் மட்டும் வருகிறது என்றால் இணைப்பியைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். வெள்ளி உருக்கும் பட்டறைகளில் நைட்ரிக் அமிலப் புகை செம்பு உள்ள இடத்தையெல்லாம் பச்சை பூக்க வைத்திருக்கும். துடைத்து, இணைப்பியின் இரண்டு திருகுகளையும் முடுக்குங்கள். அந்தத் திருகுகளை முடுக்கியவர்கள் மிகக் குறைவு.

யூஎஸ்பி மாற்றியில் போர்ட் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது

துளை காலியில்லாத கணினியில் யூஎஸ்பி மாற்றிதான் வழி. ஆலையில் பெரிய மோட்டார் கிளம்பும்போது மாற்றி ஒரு நொடி அறுந்து திரும்பும். நிரல் டிடிஒய்யுஎஸ்பி0-ஐ விடாமல் பிடித்திருப்பதால் மாற்றி டிடிஒய்யுஎஸ்பி1 ஆகப் பிறக்கும். டிமெஸ்ஜியில் பார்த்தால் மின்காந்தக் குறுக்கீடாக இருக்குமோ என்று கர்னலே கேள்விக்குறியோடு எழுதியிருக்கும். நிரலில் /டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவிலுள்ள நீண்ட பெயரைக் கொடுங்கள். சிஎச்340 மாற்றிகளுக்கு வரிசை எண் கிடையாது. அவை இரண்டு இருந்தால் பை-பாத் பெயரே பயன்படும், ஆனால் துளை மாற்றிச் செருகக் கூடாது. உபுண்டு 22.04-இல் சிஎச்340 தோன்றியவுடன் மறைந்தால், பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற தொகுப்பு அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரெயில் கருவி இல்லாத இடத்தில் அந்தத் தொகுப்பை நீக்கலாம்.

ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு

பல போர்ட் அட்டைகளைப் பியுசி டிரைவர் கவனிக்கும். பழைய வெளியீடுகளில் லோடர்.கான்ஃப் கோப்பில் அதை ஏற்றச் சொல்ல வேண்டும். டிடிஒய்யு0-ஐத் திறந்தால் மறுமுனைச் சைகைக்காகக் காத்து உறைந்து நிற்கும். தராசுக்கு சியுஏயு0-ஐத் திறக்க வேண்டும்.

கோடைமழைக்குப் பிறகு போர்ட் செத்துவிட்டது

இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஏற்காட்டில், சித்திரை வைகாசி இடிமழைக்கு அடுத்த காலையில் இந்த அழைப்பு வரும். மழையளவுக் கருவி மேட்டில் ஒரு கம்பத்தில் இருக்கும். கணினி கீழே அலுவலகத்தில். நடுவே நீண்ட கேபிள். பாறை நிலத்தில் எர்த் நன்றாக அமைவதில்லை. இடி பக்கத்தில் எங்கோ விழுந்தாலும் இரண்டு முனைகளின் தரை மட்டமும் ஒரு கணம் வெகுவாக வேறுபட்டு, அந்த வேறுபாடு முழுவதும் சீரியல் போர்ட் வழியாகப் பாய்கிறது.

கர்னல் இன்னும் 16550ஏ என்றே சொல்லும். அது உள்ளே இருக்கும் சில்லுக்கான சான்று மட்டுமே. வெளியே மின்னழுத்தம் கொடுத்து வாங்கும் சில்லு வேறு. பல போர்டுகளில் அது 75232 என்ற எண்ணுள்ள 20 கால் சில்லு. டிஎக்ஸ் எண் ஏறியும், நீலக் கம்பியில் மைனஸ் 12 சரியாக இருந்தும், 3-ஆம் ஊசியில் பூச்சியம் நின்றால் அதுதான் கருகியிருக்கிறது. சாலிடர் கை உள்ளவர் மாற்றித் தருவார். இல்லையென்றால் இந்த ஓர் இடத்தில் புதிய அட்டை வாங்குவது நியாயம்.

புதிய அட்டையிலும் மேட்டுக் கேபிளை நேராகச் செருகாதீர்கள். இந்தச் சீரியல் போர்ட்டின் மின் தரமான ஆர்எஸ்-232 ஏறக்குறைய 15 மீட்டருக்குத்தான் சொல்லப்பட்டது. அதற்கு மேல் ஆர்எஸ்-485 மாற்றி இரண்டு முனையிலும் வேண்டும், அதுவும் ஒளிவழித் தடுப்பு (தகவல் ஒளியாகத் தாண்டும், மின்சாரம் தாண்டாது) உள்ளதாக. தடுப்பின் இரண்டு பக்கத்துக்கும் மின் ஊட்டம் தனித்தனியே வர வேண்டும். ஒரே அடாப்டரிலிருந்து இரண்டுக்கும் எடுத்தால் இடி அந்த அடாப்டர் வழியாகவே வந்து சேரும்.